லினக்ஸ்ல மவுஸ் அசையலையா? சிக்னல் எந்த இடத்துல நிக்குதுன்னு முதல்ல பாருங்க

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் முடிஞ்சிருச்சு, விண்டோஸ் 11 ஏத்த முடியாத பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்கறவங்க பல பேர் லினக்ஸ் மின்ட், உபுண்டுன்னு மாறிட்டு வர்றாங்க. அப்படி புதுசா வர்றவங்கள ரொம்ப பயமுறுத்துற பிரச்சனை, திடீர்னு மவுஸ் அசையாம நிக்கிறது. விண்டோஸ்ல இருந்த பழக்கத்துல உடனே "டிரைவர் எங்க டவுன்லோட் பண்றது"ன்னு தேடுவாங்க, இல்லன்னா ஓஎஸ்ஸையே திரும்ப இன்ஸ்டால் பண்ணிடுவாங்க. ரெண்டும் பெரும்பாலும் தேவையே இல்ல. மவுஸுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னல்கூடவே (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) வருது, தனியா தேட வேண்டியதில்ல. ஓஎஸ்ஸ மறுபடி போடறதால பிரச்சனை போச்சுன்னாலும் எதனால வந்துச்சுன்னு தெரியாம போயிரும், அதே காரணம் திரும்ப வர்றப்ப மறுபடியும் முதல்ல இருந்துதான்.

இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, மவுஸ்ல இருந்து ஸ்க்ரீன் வரைக்கும் சிக்னல் போற வழியில ஒவ்வொரு படியையும் லினக்ஸ் நமக்கு திறந்து காட்டுது. அதனால குத்துமதிப்பா எதையும் மாத்த வேண்டாம், சிக்னல் எது வரைக்கும் வந்துச்சுன்னு பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சிரும்.

கமாண்ட் பேரெல்லாம் இங்க தமிழ் எழுத்துல உச்சரிப்பா எழுதியிருக்கு, டைப் பண்றப்ப இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க.

மவுஸ நகர்த்துனா உள்ள என்ன நடக்குது

1. மவுஸுக்குள்ள இருக்கற சென்சார் அடியில இருக்கற பரப்ப வேக வேகமா குட்டி குட்டி படமா எடுத்து, ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு கணக்கு போடுது. கர்சர் ஸ்க்ரீன்ல எங்க இருக்குன்னு மவுஸுக்கு தெரியாது, "வலது பக்கம் இவ்வளவு, கீழ இவ்வளவு"ன்னு மட்டும்தான் அது சொல்லும்.

2. அந்தத் தகவல் யூஎஸ்பி, புளூடூத், இல்லன்னா பழைய பிஎஸ்/2 வழியா கம்ப்யூட்டருக்குள்ள வருது. யூஎஸ்பில மவுஸ் தானா பேசாது, கம்ப்யூட்டர் கேட்டாத்தான் பதில் சொல்லும். சாதாரண மவுஸ்னா செகண்டுக்கு சுமார் 125 தடவை கேக்கும்.

3. கெர்னல்ல இருக்கற டிரைவர் அத வாங்குது. கீபோர்டு, மவுஸ் மாதிரி மனுஷன் கையால இயக்குற சாதனங்களுக்கெல்லாம் ஹிட்னு ஒரு பொது ஒழுங்குமுறை இருக்கு, எந்த கம்பெனி மவுஸா இருந்தாலும் அதே பாஷையில பேசுறதாலதான் சொருகுன உடனே வேலை செய்யுது.

4. கெர்னல் அத "ஈவென்ட்"டா மாத்தி, டெவ் ஃபோல்டருக்குள்ள இன்புட்னு இருக்கற ஃபோல்டர்ல ஒரு ஃபைல் மாதிரி வெளிய வைக்குது.

5. லிப்இன்புட்ங்கற லைப்ரரி அந்த ஃபைல படிச்சு, வேகம், ஸ்க்ரோல், டச்பேட்ல ரெண்டு விரல் மூணு விரல் எல்லாத்தையும் புரிஞ்சுகிட்டு டிஸ்ப்ளே பக்கம் தள்ளுது. அங்க இருக்கறது பழைய எக்ஸ் சர்வரா இருக்கலாம், புது வேலண்டா இருக்கலாம். அது கர்சர நகர்த்தி, எந்த ஜன்னலுக்கு க்ளிக் போகணும்னு முடிவு பண்ணுது.

வீட்டுக் குழாய்ல தண்ணி வரலைன்னா மோட்டார், மேல்தொட்டி, பைப்னு எது வரைக்கும் தண்ணி ஏறியிருக்குன்னு பார்ப்போம்ல, அதே வேலைதான் இங்கயும். ஆனா அடியில இருந்து வரிசையா போகாம நடுவுல, அதாவது நாலாவது படியில முதல்ல பார்க்கறதுதான் சீக்கிரம் முடியும். அங்க சிக்னல் வருதுன்னா மவுஸ், வயர், போர்ட், டிரைவர் எல்லாமே நல்லாருக்குன்னு ஒரே டெஸ்ட்ல தெரிஞ்சிரும், வரலைன்னா டெஸ்க்டாப் செட்டிங்ஸ தோண்டறது வெட்டி வேலைன்னு தெரிஞ்சிரும்.

முதல்ல கீபோர்டு கைவசம் இருக்கட்டும்

மவுஸ் இல்லாம உள்ள போற வழி தெரியலைன்னா எந்த டெஸ்டும் பண்ண முடியாது. உபுண்டு, மின்ட் ரெண்டுலயும் கன்ட்ரோல் + ஆல்ட் + டி அடிச்சா டெர்மினல் திறக்கும். க்னோம் டெஸ்க்டாப்னா விண்டோஸ் படம் போட்ட கீய அழுத்திட்டு டெர்மினல்னு டைப் பண்ணி என்டர் அடிச்சாலும் போதும். டேப் கீயும் அம்புக்குறி கீயும் வச்சு செட்டிங்ஸ் ஜன்னல் முழுக்க சுத்தி வந்துரலாம். அக்சஸிபிலிட்டி பகுதியில "மவுஸ் கீஸ்"னு ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணுனா வலது பக்கத்து நம்பர் கீய வச்சே கர்சர நகர்த்தலாம், 5-ஐ அழுத்துனா க்ளிக். கைல வேற மவுஸ் இல்லாதவங்களுக்கு இது பெரிய உதவி.

மவுஸ் மட்டும் நின்னுச்சா, மெஷினே நின்னுச்சா

கர்சர் உறைஞ்சு நிக்கிறப்ப பல பேர் மவுஸ குறை சொல்வாங்க, ஆனா ரேம் நிரம்பிப்போய் ஸ்வாப்ல (ரேம் பத்தாதப்ப டிஸ்க்க ரேம் மாதிரி பயன்படுத்தறது) மெஷின் மூச்சு வாங்கிட்டு இருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும், கிராஃபிக்ஸ் டிரைவர் தொங்கிப் போனாலும் இதே மாதிரிதான். 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷின்ல பிரவுசர்ல நிறைய டேப் திறந்து வச்சிருந்தா இதத்தான் முதல்ல சந்தேகப்படணும்.

பிரிச்சுப் பார்க்க சுலபமான வழி, கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்3 அடிங்க. கருப்பு ஸ்க்ரீன்ல லாகின் கேட்டுச்சுன்னா கெர்னல் உயிரோட இருக்கு, ஒண்ணு டெஸ்க்டாப் தொங்கியிருக்கணும், இல்ல மவுஸ் மட்டும் நின்னிருக்கணும். அங்கயே லாகின் பண்ணி "ஃப்ரீ" கமாண்ட் ஹைபன் எச் போட்டு அடிச்சா ரேம் நிலவரம் தெரியும். திரும்ப டெஸ்க்டாப்புக்கு வர உபுண்டுல கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்1 இல்லன்னா எஃப்2, மின்ட்ல எஃப்7.

அந்த கருப்பு ஸ்க்ரீனும் வரலைன்னா, கீபோர்டுல கேப்ஸ் லாக் லைட்டும் மாறலைன்னா, மெஷின் மொத்தமா நின்னிருக்க வாய்ப்பு அதிகம். பவர் பட்டன அழுத்திப் பிடிக்கிறதுக்கு முன்னாடி ஆல்ட் + பிரின்ட் ஸ்க்ரீன் கீய பிடிச்சுகிட்டே எஸ், யூ, பி மூணையும் ஒண்ணு ஒண்ணா, நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டு அழுத்துங்க. எஸ் டிஸ்க்குக்கு எழுத வேண்டியத எழுதிரும், யூ டிஸ்க்க படிக்க மட்டும்னு மாத்திரும், பி ரீபூட் பண்ணிரும். இணையத்துல ஆறு எழுத்து வரிசை ஒண்ணு சொல்வாங்க, உபுண்டுல வழக்கமா இந்த மூணுக்குத்தான் அனுமதி இருக்கு, அங்க அந்த செட்டிங்கோட மதிப்பு 176, அதாவது 16-ம் 32-ம் 128-ம் சேர்ந்தது. ஃபைல் கெடாம இருக்க இந்த மூணே போதும்.

நடுவுல வெட்டிப் பார்க்கற டெஸ்ட்

மெஷின் நல்லாருக்கு, மவுஸ்தான் அசையலைன்னு தெரிஞ்சதும் டெர்மினல்ல முன்னாடி சூடோ (அட்மின் அனுமதியோட ஓட்டச் சொல்ற கமாண்ட்) போட்டு, "கேட்" கமாண்ட, டெவ் ஃபோல்டருக்குள்ள இன்புட்டுக்குள்ள இருக்கற மைஸ்ங்கற ஃபைல் மேல ஓட்டுங்க. எதுவும் புதுசா இன்ஸ்டால் பண்ண வேண்டாம். பாஸ்வேர்டு அடிச்சதும் ஸ்க்ரீன் சும்மா நிக்கும். இப்ப மவுஸ மெதுவா நகர்த்துங்க. கட்டம் கட்டமா, கேள்விக்குறி மாதிரி, புரியாத எழுத்தா ஸ்க்ரீன்ல கொட்டுச்சுன்னா அதுதான் உங்க மவுஸோட பேச்சு, கெர்னல் வரைக்கும் சிக்னல் சரியா வந்திருக்குன்னு அர்த்தம். கன்ட்ரோல் + சி போட்டு நிறுத்துங்க, டெர்மினல் எழுத்து கோணல்மாணலா ஆயிருந்தா ரீசெட்னு அடிச்சா சரியாயிரும். ஒரே ஒரு எச்சரிக்கை, அந்த ஃபைல் எல்லா மவுஸையும் டச்பேடையும் ஒண்ணா சேர்த்துக் காட்டும், அதனால சோதிக்கிற மவுஸத் தவிர வேற எதையும் தொடாதீங்க.

இன்னும் தெளிவா வேணும்னா "ஈவிடெஸ்ட்"னு ஒரு சின்ன புரோகிராம் இருக்கு, எல்லா பெரிய டிஸ்ட்ரோலயும் (உபுண்டு, மின்ட் மாதிரி லினக்ஸ் வகைகள்) கிடைக்கும். சூடோ போட்டு ஓட்டுனா மெஷின்ல இருக்கற இன்புட் சாதனங்கள நம்பர் போட்டு பட்டியல் காட்டும், உங்க மவுஸ் நம்பர அடிச்சா ஒவ்வொரு அசைவையும் தனித்தனி வரியா காட்டும். வலது பக்கம் நகர்த்துனா எக்ஸ் மதிப்பு பிளஸ்ல வரும், இடது பக்கம்னா மைனஸ்ல, க்ளிக் பண்ணி அழுத்தறப்ப 1, விடறப்ப 0. க்ளிக் பட்டன் பழுதா இல்ல சாஃப்ட்வேர் பிரச்சனையான்னு சந்தேகம் இருந்தா இந்த 1, 0 ஜோடி முழுசா வருதான்னு பாருங்க, 1 வந்து 0 வராம நின்னுச்சுன்னா ஸ்விட்ச் உள்ள சிக்கியிருக்கு, எந்த செட்டிங்கும் அத சரி பண்ணாது.

சில சமயம் ஈவிடெஸ்ட், இந்த சாதனத்த வேற ஒரு புரோகிராம் பிடிச்சு வச்சிருக்குன்னு சொல்லும். பட்டன், கீ இதெல்லாம் மாத்தி வைக்கிற ரீமேப்பர் மாதிரி ஏதாவது பின்னாடி ஓடிட்டு இருந்தா இப்படி ஆகும், அத நிறுத்திட்டு திரும்ப பாருங்க.

இந்த டெஸ்ட்ல எழுத்து கொட்டலைன்னா அடுத்த மூணு பகுதியையும் படிங்க. கொட்டியும் கர்சர் அசையலைன்னா நேரா டெஸ்க்டாப் பகுதிக்கு போயிரலாம்.

சிக்னலே வரலைன்னா: கெர்னல் என்ன சொல்லுதுன்னு கேளுங்க

சூடோ போட்டு "டிமெஸ்ஜி" ஹைபன் டபிள்யூ ஓட்டி வச்சுட்டு, மவுஸ பிடுங்கி திரும்ப சொருகுங்க. கெர்னல் தன்கிட்ட நடக்கறத அப்படியே வரி வரியா எழுதும். (சூடோ இல்லாம அடிச்சா டெபியன்லயும் புது உபுண்டுலயும் அனுமதி இல்லன்னு வரும், அத பார்த்து குழம்ப வேண்டாம்.) இங்க கிடைக்கிற பதில் நாலு விதமா இருக்கும்.

1. ஒரு வரிகூட வரல. அப்ப மின்சார அளவிலயே தொடர்பு இல்ல. போர்ட் செத்திருக்கலாம், வயர் உள்ள அறுந்திருக்கலாம், மவுஸே போயிருக்கலாம். வேற போர்ட், முடிஞ்சா வேற கம்ப்யூட்டர். யூஎஸ்பி ஹப்ல சொருகியிருந்தா நேரா மெஷின்ல சொருகிப் பாருங்க. அடியில சிவப்பு லைட் எரியலைன்னு மட்டும் வச்சு மவுஸ் செத்துருச்சுன்னு முடிவு பண்ணக்கூடாது, நிறைய மவுஸ்ல கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம்தான்.

2. புது சாதனம் வந்திருக்குன்னு ஒரு வரி, உடனே பிழை -71 இல்லன்னா -110. முதலாவது, பேச்சு குழறிப்போச்சுன்னு அர்த்தம். ரெண்டாவது, பதிலுக்கு காத்திருந்து நேரம் தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். சாதனத்தோட விவரத்த படிக்க முடியல, கொடுத்த முகவரிய அது ஏத்துக்கலன்னு வரிகள் தொடர்ந்து வரும். டிரைவர் பிரச்சனை மாதிரி தெரிஞ்சாலும் பெரும்பாலும் வயர், சாக்கெட், பவர் இதுலதான் கோளாறு. மெஷின முழுசா ஆஃப் பண்ணி, பவர் வயர பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு திரும்ப போட்டா யூஎஸ்பி பக்கம் புதுசா ஆரம்பிக்கும், வெறும் ரீஸ்டார்ட்ல சில சமயம் அது நடக்காது. வயர லேசா அசைக்கிறப்பல்லாம் "டிஸ்கனெக்ட்" வரி வந்துச்சுன்னா சந்தேகமே வேண்டாம், வயர்தான்.

3. சாதனம் வந்துச்சு, பேர்கூட காட்டுது, ஆனா கடைசியில "இன்புட்"னு ஆரம்பிக்கிற வரி வரல. அப்ப மவுஸ் நல்லாருக்கு, கெர்னல்ல அதுக்கான மாட்யூல் (தேவைப்படறப்ப கெர்னல் ஏத்திக்கிற டிரைவர் துண்டு) ஏறல. ஆர்ச், மஞ்சாரோ மாதிரி டிஸ்ட்ரோல அப்டேட் போட்டு ரீபூட் பண்ணாம இருக்கறவங்களுக்கு இது வரும். காரணம் என்னன்னா அப்டேட் பண்றப்ப பழைய கெர்னலோட மாட்யூல் ஃபோல்டர் அழிஞ்சிரும், ஆனா ஓடிட்டு இருக்கறது இன்னும் பழைய கெர்னல்தான், புதுசா ஒரு மவுஸ சொருகுறப்ப தேவையான மாட்யூல அது தேடுது, ஃபோல்டரே இல்ல. "யூநேம்" ஹைபன் ஆர் காட்டுற எண்ணும் லிப் ஃபோல்டருக்குள்ள மாட்யூல்ஸ் ஃபோல்டர்ல இருக்கற பேரும் ஒத்துப்போகலைன்னா இதுதான், ஒரு ரீபூட் போதும்.

4. கடைசி வரி வரைக்கும் சரியா வந்து, ஹிட்-ஜெனெரிக் "மவுஸ்"னு எழுதியிருக்கு, ஆனாலும் அசைவு வரல. இது வயர்லெஸ் டாங்கிள்ல (மவுஸுக்காக யூஎஸ்பில சொருகுற குட்டி ரிசீவர்) ரொம்ப சகஜம்.

இதுல அபூர்வமா வர்ற இன்னொண்ணு, யூஎஸ்பி கன்ட்ரோலரே பதில் சொல்லல, செத்துப்போச்சுன்னு எடுத்துக்கறேன்னு கெர்னல் எழுதற வரி. அப்ப அந்த கன்ட்ரோலர்ல இருக்கற கீபோர்டு, பென்டிரைவ் எல்லாமே சேர்ந்து நிக்கும். ரீபூட்ல சரியாகும், அடிக்கடி வந்தா பயாஸ் அப்டேட்டும் கெர்னல் அப்டேட்டும் பார்க்கணும்.

வயர்லெஸ்: டாங்கிள் இருக்கறதால மவுஸ் இருக்குன்னு அர்த்தமில்ல

குட்டி டாங்கிளோட வர்ற மவுஸ்ல, கம்ப்யூட்டருக்கு தெரியறது டாங்கிள் மட்டும்தான். யூஎஸ்பி சாதனங்கள பட்டியல் போடற எல்எஸ்யூஎஸ்பி கமாண்ட்ல காட்டறதும் அதத்தான், மவுஸ்ல பேட்டரியே இல்லன்னாலும் பட்டியல்ல அது அழகா நிக்கும். அதனாலதான் பட்டியல நம்பாம அசைவு டெஸ்ட நம்பணும். பேட்டரி, அடியில இருக்கற ஆன் ஆஃப் ஸ்விட்ச், அப்புறம் மூணாவதா யாரும் நினைக்காத ஒண்ணு: யூஎஸ்பி 3 போர்ட்.

யூஎஸ்பி 3.0 செகண்டுக்கு 5 கிகாபிட் வேகத்துல ஓடறப்ப 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்துல ரேடியோ இரைச்சல் கிளப்பும், டாங்கிள் மவுஸ் பேசறதும் அதே அலைவரிசையிலதான். இன்டெல் கம்பெனியே 2012-ல இதப் பத்தி விளக்கமா ஒரு அறிக்கை வெளியிட்டிருக்கு. பக்கத்து போர்ட்ல ஹார்ட் டிஸ்க் சொருகி ஃபைல் காப்பி ஆகறப்ப மட்டும் மவுஸ் தடுமாறுதுன்னா இதுதான் காரணம். டாங்கிள யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாத்துங்க, இல்லன்னா ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர்ல மேசை மேல கொண்டு வந்துருங்க. இத சாஃப்ட்வேர்ல சரி பண்ண முடியாது.

லாஜிடெக் யூனிஃபையிங் வகை டாங்கிள்னா ஒண்ணுல 6 சாதனம் வரைக்கும் சேர்க்கலாம், லினக்ஸ்ல அதுக்கு சோலார்னு ஒரு புரோகிராம் இருக்கு, பேட்டரி அளவும் காட்டும், அறுந்த ஜோடிய திரும்ப சேர்க்கவும் செய்யும். விலை குறைஞ்ச பல மவுஸ்ல டாங்கிளும் மவுஸும் ஃபேக்டரியிலயே ஜோடி சேர்ந்தது, டாங்கிள் தொலைஞ்சா மவுஸும் போனமாதிரிதான்.

புளூடூத் மவுஸ் வேற ரகம். "ஆர்எஃப்கில்" லிஸ்ட் போட்டு புளூடூத் தடுக்கப்பட்டிருக்கான்னு முதல்ல பாருங்க, லேப்டாப்ல ஏரோபிளேன் மோட் கீ தெரியாம பட்டு ஆஃப் ஆகியிருக்கும். ஆனா ஒரே மெஷின்ல விண்டோஸும் லினக்ஸும் வச்சிருக்கறவங்களுக்கு வர்ற தொந்தரவு இன்னொண்ணு இருக்கு, விண்டோஸ்ல வேலை செய்யற மவுஸ் லினக்ஸ்ல நிக்கும், லினக்ஸ்ல திரும்ப ஜோடி சேர்த்தா அடுத்து விண்டோஸ்ல நிக்கும். ஜோடி சேர்க்கறப்ப ரெண்டு பக்கமும் ஒரு ரகசிய சாவிய பகிர்ந்துக்கும், அந்த சாவிய மவுஸ் உங்க புளூடூத் சிப்போட முகவரிக்கு எதிரா சேமிச்சு வைக்கும். சிப் ஒண்ணுதான், முகவரி ஒண்ணுதான், ஆனா ஓஎஸ் ரெண்டு, அதனால புதுசா ஜோடி சேர்க்கறப்ப பழைய சாவி அழிஞ்சு போயிரும். ஓரளவு பொறுமை இருந்தா விண்டோஸ் பக்கத்து சாவிய எடுத்து லினக்ஸ் பக்கம் வார் ஃபோல்டருக்குள்ள லிப், புளூடூத்ங்கற இடத்துல இருக்கற ஃபைல்ல எழுதி ரெண்டையும் ஒண்ணாக்கலாம். பல மவுஸ்ல ரெண்டு மூணு சேனல் மாத்தற பட்டன் இருக்கு, ஒண்ணு விண்டோஸுக்கு ஒண்ணு லினக்ஸுக்குன்னு வச்சுகிட்டா அந்த வேலையும் மிச்சம்.

கொஞ்ச நேரம் தொடலைன்னா தூங்கிப்போற மவுஸ்

கையெடுத்து கொஞ்சம் செகண்ட் கழிச்சு நகர்த்துனா அசையாது, க்ளிக் பண்ணுனதும் உயிர் வரும். இந்த அறிகுறி தெரிஞ்சா முதல்ல சந்தேகப்பட வேண்டியது யூஎஸ்பி ஆட்டோசஸ்பென்ட். பேட்டரி மிச்சம் பண்றதுக்காக சும்மா இருக்கற யூஎஸ்பி சாதனத்த கெர்னல் தூங்க வைக்கிற வசதி இது, வழக்கமான காத்திருப்பு நேரம் 2 செகண்ட். மவுஸுக்கு இத கெர்னல் தானா போடாது, ஆனா பவர்டாப் புரோகிராம்ல ஆட்டோ-டியூன்ங்கறத ஓட்டுனா எல்லா சாதனத்துக்கும் சேர்த்து போட்டு விட்டுரும், லேப்டாப் பேட்டரி நீடிக்கணும்னு எங்கயோ படிச்சு இத பூட் ஆகறப்பவே ஓடற மாதிரி வச்சுட்டு அப்புறம் மறந்துருவாங்க. அந்த சாதனத்தோட பவர் ஃபோல்டர்ல கன்ட்ரோல்னு இருக்கற ஃபைல்ல ஆட்டோங்கறத ஆன்னு மாத்துனா உடனே சரியாகும், நிரந்தரமா வேணும்னா யூடெவ் விதியா (சாதனம் சொருகுறப்பல்லாம் தானா ஓடற விதி) எழுதி வைக்கணும். பேட்டரி மிச்சம் பண்ற வேலைக்கு டிஎல்பி புரோகிராம் நல்லது, அது மவுஸையும் கீபோர்டையும் தூங்க வைக்காம தானா விட்டுரும்.

லேப்டாப் டச்பேட் தனிக் கதை

டச்பேட் யூஎஸ்பில இருக்கும்னு நினைச்சு எல்எஸ்யூஎஸ்பில தேடுனா பெரும்பாலும் கிடைக்காது. பழைய லேப்டாப்ல அது பிஎஸ்/2 வழி, புதுசுல ஐ2சிங்கற வழி. ப்ராக் ஃபோல்டருக்குள்ள பஸ், அதுக்குள்ள இன்புட், அதுக்குள்ள டிவைசஸ்ங்கற ஃபைல கேட் பண்ணுனா ஒவ்வொரு சாதனத்துக்கும் "ஃபிஸ்"னு ஒரு வரி இருக்கும், அதுல சீரியோன்னு இருந்தா பிஎஸ்/2, ஐ2சின்னு இருந்தா ஐ2சி.

ஸ்லீப்ல இருந்து எழுந்ததும் டச்பேட் மட்டும் செத்துக் கிடந்தா மாட்யூல இறக்கி ஏத்துனா போதும். பிஎஸ்/2-ன்னா சூடோ மாட்ப்ரோப் ஹைபன் ஆர் பிஎஸ்மவுஸ், அப்புறம் அதே கமாண்ட் ஹைபன் ஆர் இல்லாம. ஐ2சின்னா பிஎஸ்மவுஸுக்கு பதிலா ஐ2சி_ஹிட்_ஏசிபிஐ, பழைய கெர்னல்ல ஐ2சி_ஹிட் மட்டும். ஆனா யூஎஸ்பி மவுஸுக்கு இதே மாதிரி யூஎஸ்பிஹிட் மாட்யூல இறக்கறப்ப கவனம், யூஎஸ்பி கீபோர்டும் அதே மாட்யூல்லதான் ஓடுது, இறக்குன அடுத்த நொடி ஏத்தற கமாண்ட டைப் பண்ண கீபோர்டு இருக்காது. ரெண்டையும் ஒரே வரியில, நடுவுல ஒரு செமிகோலன் போட்டு அடிங்க.

டச்பேட் வேலை செய்யாததுக்கு சாதாரணமா ரெண்டு காரணம் செட்டிங்ஸ்லயே இருக்கும். ஒண்ணு, எஃப் வரிசை கீயில டச்பேட் ஆஃப் கீ கைபட்டிருக்கும். இன்னொண்ணு, வெளி மவுஸ் இருந்தா டச்பேட் ஆஃப் ஆகணும்ங்கற செட்டிங். இதோட சிக்கல் என்னன்னா, வயர்லெஸ் மவுஸ பையில வச்சுட்டு டாங்கிள மட்டும் லேப்டாப்புலயே விட்டா, டாங்கிள் இருக்கறதால மவுஸ் இருக்குன்னு சிஸ்டம் நம்பி டச்பேட அணைச்சே வச்சிருக்கும். சில வயர்லெஸ் கீபோர்டு டாங்கிள்கூட தன்னை மவுஸ்னும் சொல்லிக்கும், அப்பவும் இதேதான்.

சிக்னல் வருது, கர்சர்தான் அசையல: டெஸ்க்டாப் பக்கம்

நடு டெஸ்ட்ல எழுத்து கொட்டுச்சு, ஆனா கர்சர் நிக்குதுன்னா மேல் பக்கம்தான். எந்த டிஸ்ப்ளே முறை ஓடுதுன்னு முதல்ல தெரியணும், ஏன்னா பழைய வழிகாட்டிகள் பாதி இப்ப பொருந்தாது. ஃபெடோரா 2016-ல வந்த 25-ல இருந்தே வேலண்ட முதல் தேர்வா வச்சிருக்கு, உபுண்டு 21.04-ல இருந்து. எக்ஸ்இன்புட்ங்கற கமாண்ட வேலண்ட்ல ஓட்டுனா நிஜ மவுஸே பட்டியல்ல வராது, வேற ஏதோ மெய்நிகர் பேர்தான் இருக்கும். அத பார்த்து "என் மவுஸையே காணோம்"னு எடுத்துக்கக் கூடாது. ரெண்டுலயும் சரியா வேலை செய்யறது லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ். அது காட்டுதுன்னா லிப்இன்புட் வரைக்கும் சரி.

கர்சர் அசையுது, க்ளிக் மட்டும் எங்கயும் விழலைங்கறது தனிப் பிரச்சனை. ஏதோ ஒரு புரோகிராம் கர்சர தன்கிட்ட பிடிச்சு வச்சுட்டு விடாம இருக்கறதுதான் வழக்கமான காரணம். வர்ச்சுவல்பாக்ஸ் ஓடிட்டு இருந்தா வலது கன்ட்ரோல் கீய அழுத்துனா விட்டுரும். இல்லன்னா கன்ட்ரோல் + ஆல்ட் + எஃப்3-ல போய் சந்தேகப்படற புரோகிராம கில் பண்ணிட்டு திரும்ப வாங்க.

எக்ஸ் சர்வர் ஓடற மெஷின்ல, அப்டேட்டோ அழிப்போ பண்ணுன பிறகு, க்ரப் மெனுல (மெஷின் பூட் ஆகறப்ப முதல்ல வர்ற மெனு) கீபோர்டு வேலை செய்யுது, லாகின் ஸ்க்ரீன் வந்ததும் மவுஸ், கீபோர்டு ரெண்டுமே செத்துப்போச்சுன்னா, எக்ஸ் சர்வரோட இன்புட் டிரைவர் பேக்கேஜ் கழண்டு போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்ப எஃப்3-க்கும் போக முடியாது. க்ரப்ல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ரெகவரி மோட், நெட்வொர்க் ஆன் பண்ணிட்டு ரூட் ஷெல், அங்க எக்ஸ்சர்வர்-எக்ஸ்ஆர்க்-இன்புட்-ஆல்ங்கற பேக்கேஜ திரும்ப இன்ஸ்டால் பண்ணுனா போதும். இந்த இடத்துலதான் நிறைய பேர் மொத்தமா ஃபார்மேட் பண்ணிடறாங்க, ஒரு பேக்கேஜுக்காக.

நேத்து வரைக்கும் ஓடுச்சு, அப்டேட்டுக்கு அப்புறம் நின்னுச்சுன்னா

அதே க்ரப் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல பழைய கெர்னலும் இருக்கும், அதுல பூட் பண்ணிப் பாருங்க. பழசுல ஓடி புதுசுல ஓடலைன்னா கெர்னல்ல வந்த மாற்றம்தான் காரணம்னு நிரூபணம் ஆயிருச்சு, இப்போதைக்கு பழசுலயே வேலை பார்க்கலாம், ஒண்ணும் அவசரமில்ல. ரெண்டுலயும் ஓடலைன்னா ஒரு லைவ் யூஎஸ்பில (இன்ஸ்டால் பண்ணாமலே லினக்ஸ் ஓட்டற பென்டிரைவ்) பூட் பண்ணி பாருங்க. அதுல ஓடுச்சுன்னா உங்க இன்ஸ்டாலேஷன்ல ஏதோ செட்டிங், அதுலயும் ஓடலைன்னா ஹார்டுவேர் பக்கம் சந்தேகம் பலமாகுது.

பழைய லேப்டாப் டச்பேடுக்கு க்ரப்ல ஈ அழுத்தி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசியில ஐ8042.நோமக்ஸ்=1 மாதிரி ஆப்ஷன் சேர்த்து எஃப்10-ல பூட் பண்ணச் சொல்வாங்க. அது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், தப்பா போனாலும் ரீபூட்டுல மறைஞ்சிரும், அதனால தைரியமா சோதிக்கலாம். பலன் தெரிஞ்ச பிறகுதான் நிரந்தரமா எழுதணும்.

இதுக்கப்புறமும் சரியாகலைன்னா பக் ரிப்போர்ட் போடுங்க

ஒருத்தர் மாடலுக்கு கெர்னல்லயோ லிப்இன்புட்லயோ எழுதற ஒரு சின்ன திருத்தம், அதே மாடல் வச்சிருக்கற எல்லாருக்கும் அடுத்த அப்டேட்ல போய்ச் சேருது. "மவுஸ் வேலை செய்யல, உதவுங்க"ன்னு மட்டும் எழுதுனா யாராலயும் எதுவும் பண்ண முடியாது. டிஸ்ட்ரோ பேரும் வெர்ஷனும், கெர்னல் எண், வேலண்டா எக்ஸா, மவுஸ சொருகுறப்ப டிமெஸ்ஜில வந்த வரிகள், எல்எஸ்யூஎஸ்பில அந்த சாதனத்துக்கு பக்கத்துல இருக்கற எட்டு இலக்க அடையாளம், நடு டெஸ்ட்ல சிக்னல் வந்துச்சா இல்லையா, எந்த கெர்னல்ல ஓடுச்சு எதுல நின்னுச்சு, இவ்வளவும் முதல் தடவையிலயே குடுத்துருங்க. ரீபூட் பண்ணிட்டீங்கன்னா முந்தின பூட்டோட கெர்னல் வரிகள ஜர்னல்சிடிஎல் ஹைபன் கே ஹைபன் பி -1 போட்டு எடுக்கலாம். டச்பேட் அசைவு சம்பந்தமா இருந்தா லிப்இன்புட் ரெகார்டுன்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது உங்க விரல் அசைவ அப்படியே பதிஞ்சு ஒரு ஃபைலா குடுக்கும், அத வச்சு டெவலப்பர் உங்க லேப்டாப் இல்லாமலே தன் மெஷின்ல அதே அசைவ ஓட்டிப் பார்க்க முடியும். ஆனா அது ஓடறப்ப கீபோர்டு சாதனத்த தேர்வு பண்ணிடாதீங்க, வழக்கமா எழுத்து கீய எல்லாம் மறைச்சுத்தான் அது பதியும், இருந்தாலும் பாஸ்வேர்டு விஷயத்துல கவனமா இருக்கறது நல்லது.